ஒளிபரப்பாகாத விசாரணை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில மக்கள் 2008-ல் வாக்களித்து, ஒருபாலினத் திருமணத்தைத் தடை செய்தனர். அதை எதிர்த்த வழக்கு 2010 ஜனவரியில் விசாரணைக்கு வந்தது. விசாரணையை ஒளிபரப்பத் தடை ஆதரவாளர்கள் மறுப்புத் தெரிவித்தனர், உச்சநீதிமன்றமும் அனுமதிக்கவில்லை. சாட்சிகளின் முகத்தை மக்கள் பார்க்க முடியவில்லை.

திரைக்கதை ஆசிரியர் டஸ்டின் லான்ஸ் பிளாக், வழக்குப் பதிவுகளைக் கொண்டு 'எட்டு' என்ற நாடகத்தை எழுதினார். 2011 செப்டம்பரில் ஓர் இரவு, நியூயார்க் பிராட்வே அரங்கில் நடிகர்கள் அதை மேடையேற்றினர். ஒருபாலினத் திருமணத்தால் ஆண்-பெண் திருமணத்துக்கு என்ன கேடு என்று நீதிபதி கேட்கிறார். தடைக்காக வாதாடும் வழக்கறிஞரோ, தெரியாது என்கிறார்.

2013-ல் அங்கே அத்திருமணங்கள் மீண்டும் தொடங்கின. 2024-ல் வாக்காளர்களே அந்தத் தடை வாசகத்தை மாநில அரசியல் சட்டத்திலிருந்து நீக்கினர். மக்களிடம் வாக்குக் கேட்பவர்கள், சாட்சிகளின் குரலையும் மக்கள் கேட்க விடவேண்டும் அல்லவா?