சத்தியம் காத்த பிராட்லா

தமிழில் சத்தியம் என்னும் சொல் இரு பொருள் தருவது. உண்மையும் சத்தியமே, உண்மை உரைப்பதாக இடும் ஆணையும் சத்தியமே. இவ்விரண்டும் முரண்படுமானால் மனிதன் எதன் பக்கம் நிற்பது? இவ்வினாவுக்காக ஆறாண்டுகள் போராடியவர் சார்லஸ் பிராட்லா.

1833இல் லண்டனில், வழக்கறிஞரிடம் பணிபுரிந்த எளிய எழுத்தர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே சமய ஐயங்கள் எழ, வீட்டைத் துறக்க நேர்ந்தது. படைவீரராகச் சில காலம் கழித்தபின், தாமும் வழக்கறிஞர் அலுவலக எழுத்தரானார். முதலாளிக்கு இடர் நேராதிருக்கப் புனைபெயரில் சொற்பொழிவாற்றினார். 1866இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தை நிறுவினார். 1877இல் அன்னி பெசன்ட் அம்மையாருடன் கருத்தடை பற்றிய நூலொன்றை மறுபதிப்புச் செய்து, நீதிமன்றக் கூண்டிலும் நின்றார். அவ்வியக்கத்தின் அலை சென்னையையும் எட்டிற்று. 1882 முதல் அங்கே ‘தத்துவவிவேசினி’ என்னும் தமிழ் இதழ் வெளிவந்தது.

1880இல் நார்தாம்ப்டன் மக்கள் அவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். கடவுள் பெயரால் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிமொழி கூற அவர் இசைவு கேட்டார், மறுத்தனர். சட்டம் விதித்த ஆணையையே ஏற்கிறேன் என்றார். நம்பாதவர் வாயில் ஆணைக்குப் பொருளில்லை என்று அதையும் மறுத்தனர். ஒருமுறை மணிக்கூண்டில் காவல் வைத்து மறுநாள் விடுவித்தனர். வாக்காளரோ மேலும் நான்கு முறை அவரையே தேர்ந்தெடுத்தனர். இறுதியில் 1886இல் ஆணையிட்டே இருக்கையில் அமர்ந்தார். எனினும் தமக்கு நேர்ந்த இடர் பிறர்க்கு நேரலாகாது என்று கருதி, உறுதிமொழிக்கு இடந்தரும் சட்டத்தை 1888இல் நிறைவேறச் செய்தார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில், கடும் நோயிலிருந்து தேறிய நிலையில், நம் பம்பாய்க்கு வந்தார். இங்கு கூடிய ஐந்தாம் காங்கிரஸ் மாநாட்டில் உரையாற்றினார். இந்தியர் குறைகளை ஓயாது எடுத்துரைத்தமையால் ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்றே அவரை அழைத்தனர். 1891இல் அவர் மறைந்தபோது, லண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த காந்தியடிகளும் இறுதிச் சடங்கிற்குச் சென்றார்.

நமது அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கடவுள் பெயரால் ஆணையிடவும் உளமார உறுதி கூறவும் ஒருசேர வழிவிடுகிறது. 1969ஆம் ஆண்டின் ஆணைகள் சட்டம் சாட்சிகளுக்கும் அவ்வுரிமையை அளிக்கிறது. தாராவியிலிருந்தோ மாதுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ சாட்சி சொல்லச் செல்லும் தமிழர், பக்தராயினும் பகுத்தறிவாளராயினும், தம் நெஞ்சறிந்த சொல்லாலேயே உறுதி தரலாம். ஆணையின் வடிவம் எதுவாயினும், அதைக் காப்பது சொல்பவரின் உண்மையே அன்றோ?