எபிசோட் 37: மூணு மாடி உயரக் குழாயும் எங்க ஆபீஸ் பேப்பர் கப்பும்

போன வாரம் "அடுத்த எபிசோட் ஒரு ஆர்ட்டிஸ்ட் பத்தி"ன்னு சொன்னதும் சிலர் மெயில் போட்டிருந்தீங்க. கோடு எழுதறவனுக்கு எதுக்குப்பா இந்த வேலைன்னு. நியாயமான கேள்விதான். ஆனா இன்னிக்கு நாம பேசப்போற ஆளும் நம்ம இனம்தான். இன்ஜினியரிங் படிச்சு, வேலைக்குப் போய், ஒரு நாள் விட்டுட்டு வந்தவர்.

அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி என் சொந்தக் கதை ஒண்ணு. இதை வெளியில அதிகம் சொன்னதில்லை, கொஞ்சம் வெட்கமான கதை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை பார்த்த ஆபீஸ் ஓ.எம்.ஆர்.ல இருந்தது. எங்க ஃப்ளோர்ல ஏறக்குறைய தொண்ணூறு பேர். காபி மெஷின் பக்கத்துல பேப்பர் கப் அடுக்கு அடுக்கா இருக்கும். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தூக்கிப் போட்ட கப் எல்லாத்தையும் சேர்த்தேன். ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருத்தங்க தனிப் பையில எடுத்து வெச்சுக் கொடுத்தாங்க. மொத்தம் 1,140. அதையெல்லாம் கழுவி, மீன் பிடிக்கிற நரம்புல கோத்து, பேன்ட்ரி வாசல்ல திரை மாதிரி தொங்கவிட்டேன். வியாழக்கிழமை ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கோத்தேன், வெள்ளிக்கிழமை கப்பு மட்டும் அப்புறம் சேர்ந்தது.

செம ரெஸ்பான்ஸ்! எல்லாரும் செல்ஃபி எடுத்தாங்க. திங்கட்கிழமை காலையில வந்து பார்த்தா திரையைக் காணோம். தீ விபத்து விதிப்படி வாசலை மறைக்கக் கூடாதுன்னு அட்மின்ல இருந்து ஒரு மெயில். அதையாவது விடுங்க. அடுத்த வாரமும் சத்தமில்லாம கப்பை எண்ணினேன். 1,122. பதினெட்டு கப் குறைஞ்சிருந்தது. அந்த வாரம் டீம்ல ஒருத்தர் லீவு வேற.

அன்னிக்கு மனசு விட்டுப்போச்சு. கலை, விழிப்புணர்வு எல்லாம் சும்மா படம் காட்டுறதுதானோன்னு தோணிச்சு. அந்தக் கேள்வியோடதான் பெஞ்சமின் வான் வோங் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

1986-ல் கனடாவில் பிறந்தவர். மலேசியச் சீனக் குடும்பம். மாண்ட்ரியல்ல இருக்கிற மெக்கில் பல்கலைக்கழகத்துல சுரங்கப் பொறியியல் படிச்சார். அமெரிக்காவோட நெவாடா மாநிலத்துல ஒரு சுரங்க ஊர்ல இருந்தப்போ, ஒரு காதல் முறிவுக்கு அப்புறம், பொழுது போகாம ஒரு கேமரா வாங்கி நட்சத்திரங்களைப் படம் எடுக்க ஆரம்பிச்சார். 2012 தொடக்கத்துல வேலையை விட்டார். இருபத்தஞ்சு வயசு சொச்சம். அப்போ அவர் எடுத்த படங்கள்ல பூமியும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. நெருப்பு, கடலுக்கடியில மாடல்கள், இப்படி ஃபேன்டஸி சமாச்சாரம். "வாவ்"னு சொல்லிட்டு அடுத்ததுக்கு ஸ்க்ரோல் பண்ற வகை.

2014-ல் ஒரு திருப்பம். சான்ஃபிலிப்போன்னு ஒரு அபூர்வமான மரபணு நோய் இருக்கு. குழந்தைகளோட மூளையைக் கொஞ்சம் கொஞ்சமா பாதிக்கும். அந்த நோய் வந்த ஒரு சின்னப் பொண்ணுக்காக நிதி திரட்ட அவர் ஒரு வீடியோ எடுத்துக் கொடுத்தார். 20 லட்சம் டாலர் சேர்ந்தது. அழகா படம் எடுக்கத் தெரிஞ்சா அதை வெச்சு இன்னது பண்ணலாம்னு கையில பிடிச்சுப் பார்த்த மாதிரி.

2016-ல் மாண்ட்ரியல்ல ஒரு கிடங்கு. மறுசுழற்சிக்குப் போக வேண்டிய 10,000 பிளாஸ்டிக் பாட்டிலைக் கடன் வாங்கித் தரையில பரப்பி, நடுவுல கடற்கன்னி வேஷத்துல ஒரு மாடலைப் படுக்க வெச்சு மேலேயிருந்து எடுத்தார். ஏன் 10,000? அவர் எடுத்துக்கிட்ட கணக்கு, ஒரு அமெரிக்கர் வருஷத்துக்கு 167 பாட்டில். அறுபது வருஷத்துக்குப் பெருக்கினா 10,020. அந்தக் கடல் முழுக்க ஒரே ஒரு ஆளோட ஆயுள் குப்பை! எனக்குப் பிடிச்சது இந்த இடம்தான். "நிறைய"ன்னு சொல்லாம, ஒரு எண்ணை எடுத்து அதை அப்படியே தரையில கொட்டிக் காட்டுறார். சுரங்கத்துல இத்தனை டன் மண், அதுல இத்தனை கிராம் தங்கம்னு கணக்குப் போட்ட ஆள் இல்லையா.

2018-ல் அதே உத்தியை மின்னணுக் கழிவுக்குப் பண்ணினார். ஒரு அமெரிக்கர் வாழ்நாள்ல தூக்கிப் போடுற அளவுன்னு 4,100 பவுண்டு பழைய கம்ப்யூட்டர் சாமான். கிலோவுல ஏறக்குறைய 1,860. கீபோர்டு, மதர்போர்டு எல்லாத்தையும் அடுக்கி ஒரு உலகம் மாதிரி கட்டிப் படம் எடுத்தார். பார்த்ததும் என் மேஜை கீழ் டிராயர் ஞாபகம் வந்துச்சு. எந்த போனுக்குன்னே தெரியாத நாலு சார்ஜர் கிடக்குது அதுல. ஆனா அந்த வேலைக்குப் பக்கபலமா இருந்தது டெல் கம்பெனி. புது லேப்டாப் விக்கிற கம்பெனி பழைய லேப்டாப் கழிவைப் பத்தின கலைக்குக் காசு கொடுக்குது. இது எனக்கு உறுத்துது, மறைக்க விரும்பல. மறுசுழற்சி பத்திப் பேசுவாங்க, குறைச்சு வாங்குங்கன்னு யாரும் பேச மாட்டாங்க. அந்த வேலையைக் காசில்லாம பண்ண முடியாதுங்கறதும் தெரியும். ரெண்டையும் சொல்லிடறேன், நீங்க முடிவு பண்ணிக்கோங்க.

அடுத்தது வியட்நாம். 2019 ஜனவரி, ஹோ சி மின் நகரம். தன்னார்வலர்கள் ஆறு மாசமா சேகரிச்ச 168,037 ஸ்ட்ரா. அதைக் கழுவி, நிறம் பிரிச்சு, கடல் ரெண்டா பிளந்து நிக்கிற மாதிரி ஒரு சிற்பம். மூணு மீட்டருக்கு மேல உயரம், கின்னஸ்லயும் வந்தது. அதே ஜனவரி 1-ஆம் தேதிதான் நம்ம தமிழ்நாட்டுல ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற 14 வகைப் பொருளுக்குத் தடை வந்துச்சு. ஸ்ட்ராவும் அந்தப் பட்டியல்ல உண்டு. இளநீர்க் கடைக்காரர் அண்ணன் எங்க தெருவுல ஒரு மாசம் பேப்பர் ஸ்ட்ரா வெச்சிருந்தார். அப்புறம் பழைய கதை.

இங்க ஒரு சந்தேகம் வரணும், எனக்கு வந்துச்சு. ஒரு ஸ்ட்ரா அரை கிராம்கூட இருக்காது. அரை கிராம்னே வெச்சுக்கிட்டாலும் ஒண்ணே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான ஸ்ட்ரா, எவ்வளவு எடை? 84 கிலோ. என்னைவிடப் பத்துக் கிலோ அதிகம், அவ்வளவுதான். ஆறு மாசம் ஒரு ஊரே சேர்த்தது. பசிபிக் கடல்ல மிதக்குற பெரிய குப்பைத் திட்டை 2018-ல் அளந்து பார்த்தப்போ, எடையில 46 சதவீதம் மீன்பிடி வலைன்னு தெரிஞ்சது. வலை போட்டோவுல அழகா வராது. ஸ்ட்ரா வரும். கலை எங்க நம்ம கண்ணை இழுத்துட்டுப் போகுதுன்னு கொஞ்சம் கவனமாத்தான் இருக்கணும்.

அதே வருஷம் சிங்கப்பூர்ல 26 உணவு மையங்கள்ல ஒன்றரை நாள்ல சேர்த்த 18,000 கப்பை வெச்சு ஒரு குகை கட்டினார், நண்பர்களோட சேர்ந்து. கப்பு விஷயத்துல என்னைவிட சீனியர்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். 2022 பிப்ரவரி கடைசி, கென்யாவோட நைரோபி. ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை கூடுது. வளாகத்துல மூணு மாடி உயரத்துக்கு ஒரு தண்ணிக் குழாய், அந்தரத்துல தொங்குற மாதிரி. அதிலிருந்து பிளாஸ்டிக் கொட்டுது. அந்தப் பிளாஸ்டிக் எல்லாம் கிபேரான்னு நைரோபியோட பெரிய குடிசைப் பகுதியில இருந்து, அந்த ஊர் மக்களே சேகரிச்சுக் கொடுத்தது. கூட்டத்துக்கு வந்த அமைச்சர்களும் தூதர்களும் அதைப் பார்த்துட்டுத்தான் போகணும்.

ஏன் குழாய்? வீட்டுல பாத்ரூம் குழாய் திறந்துகிடந்து ஹால் வரைக்கும் தண்ணி வந்துருச்சுன்னா நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க? மாப் எடுக்க ஓடுவீங்களா, குழாயை மூட ஓடுவீங்களா? உலகம் வருஷத்துக்கு 40 கோடி டன் அளவுல பிளாஸ்டிக் உற்பத்தி பண்ணுது. இதுவரைக்கும் உருவான பிளாஸ்டிக் கழிவுல மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம்தான்னு 2017-ல் வந்த ஒரு ஆய்வு சொல்லுது. பிளாஸ்டிக்கோட மூலப்பொருள் கிட்டத்தட்ட முழுக்க எண்ணெயும் எரிவாயுவும்தான். 2019-ல் உலகப் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்துல 3.4 சதவீதம் பிளாஸ்டிக் கணக்குல வருதுன்னு ஓ.இ.சி.டி. சொல்லுது. அதனால இது குப்பைப் பிரச்சினை மட்டும்னு நினைச்சுக்காதீங்க. எண்ணெய்க் கிணத்துலயே ஆரம்பிக்குது.

மார்ச் 2-ஆம் தேதி, பிளாஸ்டிக் மாசை ஒழிக்க, சட்டப்படி கட்டுப்படுத்துற ஒரு ஒப்பந்தம் எழுதறதுன்னு 175 நாடுகள் முடிவு பண்ணின. குழாய்ச் சிலையாலதான் நடந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். பல வருஷமா பல பேர் உழைச்சது அது. அந்தத் தீர்மானத்துல குப்பை பொறுக்குற முறைசாராத் தொழிலாளர்களோட பங்கையும் குறிப்பிட்டிருக்காங்க.

அப்புறம்? ஊர் ஊரா பேச்சுவார்த்தை. உருகுவே, பாரீஸ், மறுபடி நைரோபி, ஒட்டாவா. 2024 கடைசியில தென்கொரியாவோட பூசான்ல முடிச்சிருக்கணும், முடியல. சண்டை ஒரே இடத்துலதான். உற்பத்திக்கே ஒரு வரம்பு வைக்கணும்னு நூறு நாடுகளுக்கு மேல கேட்குது. எண்ணெய் நாடுகள், கழிவு மேலாண்மை பத்தி மட்டும் பேசுவோம்னு சொல்லுது. அதாவது, மாப் பத்தி மட்டும்.

2025 ஆகஸ்ட்ல ஜெனீவாவுல மறுபடியும் கூடினாங்க. ஐ.நா. கட்டடத்துக்கு எதிர் சதுக்கத்துல வான் வோங் ஒரு சிலை வெச்சார். ரோடானோட 'சிந்தனையாளர்' சிலை மாதிரி, ஆறு மீட்டர் உயரம், கையில ஒரு குழந்தை. பேச்சு நடக்க நடக்க அதைச் சுத்திப் பிளாஸ்டிக்கைக் கொட்டிக்கிட்டே வந்தாங்க. உள்ளே நாள் வீணாச்சுன்னா வெளியே சிலை இன்னும் கொஞ்சம் புதையும். ஆகஸ்ட் 15 காலையில ஒப்பந்தம் இல்லாமலே கூட்டம் கலைஞ்சது.

அப்போ தோத்துட்டாரா? நைரோபிக்கும் ஜெனீவாவுக்கும் நடுவுல அவரோட திறமை குறைஞ்சிருச்சுன்னு சொல்ல முடியாது. சிலை இன்னும் நல்லாவே இருந்தது. ஆனா உள்ளே எல்லா நாடும் ஒத்துக்கிட்டாத்தான் நகரும்ங்கிற முறை. கதவுக்கு வெளியில நிக்கிற சிலைக்கு ஓட்டு கிடையாது.

இதைப் படிச்சுட்டு என் கப் திரையை மறுபடி நினைச்சுப் பார்த்தேன். நான் அதை எங்க மாட்டினேன்? காபி குடிக்க வர்றவங்க முன்னாடி. அவங்க கையில வேற டம்ளரே இல்லை. என்ன பண்ணுவாங்க பாவம், செல்ஃபி எடுப்பாங்க. கப்பை ஆர்டர் பண்றவர் உட்கார்ந்திருந்தது ரெண்டாவது மாடி. நான் அந்தப் பக்கமே போகல.

இன்னொண்ணு. இந்த எபிசோடுக்காக அந்த 14 வகைப் பட்டியலைத் தேடிப் படிச்சேன். உள்பக்கம் பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப் அதுல தெளிவா இருக்கு. 2019-ல் இருந்தே! 1,140 கப்பை நரம்புல கோத்த எனக்கு இது தெரியவே தெரியாது.

அந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா அப்பவே ஒண்ணு கேட்டாங்க. "கப்பு வேணாம்ங்கறீங்க சரி தம்பி, டம்ளர் வெச்சா யாரு கழுவுறது? நான்தானே?" நான் சிரிச்சு மழுப்பிட்டேன். தொண்ணூறு பேர், ஆளுக்கு ரெண்டரை காபி, ஒரு நாளைக்கு 225 டம்ளர். ஏற்கெனவே அவங்க ரெண்டு ஃப்ளோர் பார்த்துக்கிட்டிருந்தாங்க. இது கணக்குலயே வராத பூமிப் பாசம்.

இப்போ நான் இருக்கிறது வேற ஆபீஸ். கப்பு அதே மாதிரிதான். போன வாரம் அட்மின் சார்கிட்ட நேர்ல போனேன். சிலை, திரை எதுவும் இல்லை, ஒரு பக்கத் தாள். மேலே அரசாணைப் பட்டியல், கீழே நூறு எவர்சில்வர் டம்ளர் விலை, அதுக்குக் கீழே கழுவுறதுக்கு ஒரு ஆளோட அரை நாள் சம்பளம் தனியா. அவர் படிச்சுட்டு, "சம்பள வரியை எடுத்துட்டா பட்ஜெட்ல நிக்கும்பா"ன்னார். எடுக்க முடியாது சார்னு சொன்னேன். மார்ச்ல கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது பேசலாம்னு தாளை டிராயர்ல வெச்சிருக்கார். ஏப்ரல் எபிசோட்ல என்ன ஆச்சுன்னு சொல்றேன். உங்க ஆபீஸ்ல யாராவது இதை ஏற்கெனவே பண்ணி முடிச்சிருந்தா, குறிப்பா அந்தக் கழுவுற கணக்கை எப்படிச் சமாளிச்சீங்கன்னு, எனக்கு மெயில் போடுங்க.