மடி இழந்த மூத்த பிள்ளை

கிள்ளான் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கான தாய்சேய் நலக் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை



இங்கு வந்திருக்கும் கருவுற்ற தாய்மார்கள் பலரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறு பிள்ளையும் வந்திருப்பதைக் காண்கிறேன். பிறக்கப்போகும் குழந்தைக்கு வேண்டிய ஊசி, எடை, தாய்ப்பால் முதலியவற்றைத் தாதியர் உங்களுக்கு எடுத்துரைப்பர். நான் பேச வந்தது கையைப் பிடித்து நிற்கும் அந்தப் பிள்ளையைப் பற்றி.

நம் மொழியில் 'சவலைப் பிள்ளை' என்றொரு சொல் உண்டு. தாய் மறுபடியும் கருவுற்றதனால் பால் மறக்கடிக்கப்பட்டு, மெலிந்து, சிணுங்கிக்கொண்டே திரியும் பிள்ளைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. அடிக்கடி கண்ட ஒன்றுக்குத்தானே மக்கள் தனிச்சொல் ஒன்றை வைப்பார்கள்?

இச்சொல்லுக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், இன்று கானா என வழங்கும் நாட்டில் பணியாற்றினார். கால்கள் வீங்கி, முடி செம்பட்டையாகி, எதிலும் நாட்டமின்றிக் கிடந்த சிறு பிள்ளைகளை அவர் கண்டார். அங்குள்ள தாய்மார் அந்நோயைக் 'குவாஷியோர்கர்' என்றனர். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பால் நின்று, வெறும் சோளக் கஞ்சியே உணவானதால் வந்த கேடு அது. 1935ஆம் ஆண்டில் அப்பெயரையே அவர் மருத்துவ உலகுக்கு அறிவித்தார்.

அந்த அம்மையார் 1936இல் நம் மலாயாவுக்கு மாற்றப்பட்டார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இனிப்பூட்டிய டின் பாலைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டு கொதித்து, 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டே உரையாற்றினார். ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் வாடினார். போருக்குப் பின் மலாயாவின் தாய்சேய் நலப் பணிகளுக்குத் தலைமை தாங்கி, 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்திற்குச் சென்றார்.

அத்தகைய கடும் நோய் இன்று நம்மிடையே அரிது. ஆயினும் டின் பால் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. புதுக் குழந்தையின் வேலையில் மூழ்கியிருக்கும் வீட்டில், மூத்த பிள்ளைக்கு டின் பால் கலந்த தேநீரும் இரண்டு ரொட்டியும் காலை உணவாகிவிடுவதைப் பார்க்கிறோம். அது தேநீருக்கான பொருளேயன்றிப் பிள்ளைக்கான பால் அன்று. ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நெத்திலி, பருப்பு, தெம்பே, பச்சைப்பயறு ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆவதில்லை.

வயிறு நிறைந்த பிள்ளைக்கும் மனத்தில் சவலை தட்டுவதுண்டு. இதை என் வீட்டிலேயே கற்றேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அது எனக்கு அன்று எள்ளளவும் உதவவில்லை.

என் மூத்த மகளுக்கு அப்பொழுது மூன்று வயது. என் மனைவிக்கு வலி கண்ட இரவில், உறங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அப்படியே தூக்கிச் சென்று பிரிக்பீல்ட்ஸில் உள்ள அவள் பாட்டி வீட்டில் விட்டேன். சொன்னால் அழுவாள் என்று சொல்லவில்லை. தாய்க்கு ஓய்வு வேண்டுமென்று முப்பது நாளும் அங்கேயே விட்டுவைத்தோம். அழைத்து வந்த அன்று, அவள் படுக்கும் இடத்தில் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "பாட்டி வீட்டுக்குப் போகலாம்" என்றாள். அன்றிரவிலிருந்து மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கினாள். "நீ பெரிய பிள்ளை, வெட்கமாயில்லையா?" என்று கடிந்துகொண்டேன். மூன்று வயதுப் பிள்ளை எப்படி ஒரே மாதத்தில் பெரிய பிள்ளையாவாள்?

படுக்கையை நனைப்பதும், விரல் சூப்புவதும், மழலை பேசுவதும் பிடிவாதம் அல்ல. குழந்தையாய் இருந்தால்தான் மடி கிடைக்கும் போலும் என்று அப்பிள்ளை போடும் கணக்கு அது. அடிக்காமல், ஏளனம் செய்யாமல் துணியை மாற்றிப் படுக்க வைத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் மாறிவிடும்.

இடத்தை மாற்றுவதாயின் பிரசவத்திற்குப் பல வாரங்களுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பால் மறக்கச் செய்வதும் அவ்வாறே. வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்துவதைக் காட்டிலும், சுகாதார நிலையத் தாதியைக் கேட்டுச் சிறிது சிறிதாகக் குறைப்பதே நன்று. அம்மா எங்கே போகிறாள், யாருடன் நீ இருப்பாய், அம்மா எப்பொழுது வருவாள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அழட்டும், சொல்லாமல் போனால் வரும் அழுகையைவிட அது சிறியது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் தாய், குழந்தையைத் தந்தையிடமோ பாட்டியிடமோ கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டினுள் நுழையட்டும். அக்கைகள் முதலில் மூத்தவனை அணைக்கட்டும்.

குழந்தையைப் பார்க்க வருவோர்க்கும் ஒரு வேண்டுகோள். "தம்பி வந்துவிட்டான், இனி உன்னை யார் பார்ப்பார்கள்?" என்று நாம் வேடிக்கையாய்க் கேட்கிறோம். நமக்கு அது வேடிக்கை. பிள்ளை அதை மெய்யென்றே எடுத்துக்கொள்கிறது. அது குழந்தையைக் கிள்ளினால் பிறகு அதற்கே அடி விழுகிறது! கிள்ளும் கையைப் பிடித்து நிறுத்துங்கள், தடவிக்கொடுக்கக் காட்டுங்கள். எவ்வளவு நல்ல பிள்ளையானாலும் சின்னஞ்சிறு குழந்தையோடு தனியே விட்டுச் செல்லாதீர்கள். சேலைத் தொட்டிலை ஓங்கி ஆட்டிவிட ஒரு நொடி போதும்.

முன்னாளில் தாய்மார் விடியுமுன் பிரட்டுக்குப் போனால் ஆயாக் கொட்டகை இருந்தது. லயத்தின் அடுத்த வீட்டில் பெரியம்மா இருந்தார். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட இக்காலத்தில், அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் தாய் தனியே இருக்கிறாள். ஆகவே தந்தையரை நோக்கிச் சொல்கிறேன். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்ததோடு, மணமான ஆண் தொழிலாளர்க்கும் சம்பளத்துடன் 7 நாள் விடுப்பு உண்டு. அதே முதலாளியிடம் ஓராண்டேனும் பணியாற்றியிருக்க வேண்டும்; குறைந்தது 30 நாளுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். அவ்வேழு நாளையும் மூத்த பிள்ளையைக் குளிப்பாட்டவும், ஊட்டவும், கடைக்கு அழைத்துச் செல்லவும் பயன்படுத்துங்கள்.

மூத்தது பெண்ணாயின் இன்னொரு கவலை. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராய் இருந்தபோது, மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரு வாரம் வரவில்லை. வீட்டுக்குச் சென்றேன். தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கதவைத் திறந்தாள். "அம்மா தூங்குகிறாங்க சார்" என்றாள். அவளுக்கு ஒன்பது வயது. துணி மடிக்கட்டும், தாலாட்டட்டும். ஆனால் பள்ளி நேரத்தை அவளிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

அடுத்த அறையில் தாதியர் எடைக்கருவியுடன் காத்திருக்கின்றனர். கைக்குழந்தைகளை எடை பார்க்கக் கொண்டுசெல்லும் தாய்மார்கள், கூட வந்திருக்கும் மூத்த பிள்ளைகளையும் அதே வரிசையில் நிறுத்துங்கள். அவர்களுடைய எடையையும் குறிக்கும்படி சொல்லியிருக்கிறேன்.