கடைக்குப் போய் வருவோம்

(நம் குடியிருப்பின் காலாண்டுக் கூட்டத்தில், மொட்டை மாடியில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘விருந்தினர் வந்தால் எங்கே சாப்பிடலாம், என்ன வாங்கலாம்’ என்பது. பொருத்தமான தலைப்புதான். ராமநாதபுரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு விருந்தினர் பஞ்சம் கிடையாது. ராமேசுவரம் போகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் நம் வீடுதான் சத்திரம். 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாலம் திறக்கும் வரை ராமேசுவரம் ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றுவிட்டன. அந்த இரண்டேகால் ஆண்டில் எத்தனை பேருக்குச் சோறு போட்டோம் என்பது அவரவர் வீட்டுக்காரம்மாவுக்குத்தான் தெரியும்.

வந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: “இங்கே என்ன விசேஷம்?” நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பேசியை எடுத்து, நட்சத்திரம் எண்ணிப் பார்த்துப் பதில் சொன்னேன். இருபது வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டு!

இதைச் சொல்லும்போது நம் வாசலில் இருந்த மளிகைக் கடையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அண்ணாச்சி கடையை மூடிப் போன பங்குனியோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. மூடியதற்குப் பல காரணம் சொன்னார்கள். ஒரு காரணம் நான். அரிசியும் எண்ணெயும் செயலியில் பத்து ரூபாய் குறைவு என்று அங்கே வாங்கினேன். கறிவேப்பிலையும் தீப்பெட்டியும் மட்டும் அண்ணாச்சியிடம் வாங்கினேன். கறிவேப்பிலை விற்று யாரும் கடை வாடகை கொடுக்க முடியாது.

நம்மில் சிலருக்கு நினைவிருக்கும். இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் அம்மா இரண்டு நாளாகப் பால் வாங்க வரவில்லை என்று முதலில் கவனித்தவர் அந்த அண்ணாச்சிதான். கடைப் பையனை மேலே அனுப்பிப் பார்க்கச் சொன்னார். கடும் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார் அந்த அம்மா. எதிர்வீட்டில் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. இன்று பால் செயலியில் வருகிறது. வாசலில் பையை மாட்டிவிட்டுப் போகிறார்கள். எடுத்தார்களா இல்லையா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

அதனால்தான், விருந்தினருக்கு எங்கே சாப்பாடு என்பதற்கு முன்னால், நாம் கடைக்குப் போகிறோமா என்று கேட்கிறேன். போனால்தான் ஊரின் நேரமும் காலமும் நமக்குத் தெரியவரும். இதைக் கடைசி ஆறு மாதமாக நடந்து நடந்து கற்றுக்கொண்டேன். சிலவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் மிளகாய். நம் மாவட்டத்துக் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முண்டு என்று சொல்வதும் இதைத்தான். வானம் பார்த்த பூமியில் விளைவது. தை பிறந்தபின் பறிக்கத் தொடங்கி கோடை வரை வரத்து இருக்கும். வருடத்துக்கான மிளகாயை அப்போது வாங்கிக் காயவைப்பதுதான் நம் பெரியவர்கள் வழக்கம். கடையில் போய் “மிளகாய் ஒரு கிலோ” என்றால் எது முன்னால் இருக்கிறதோ அதைத்தான் போடுவார்கள். “குண்டா, சம்பாவா? இந்த வருடத்துச் சரக்கா?” என்று கேளுங்கள். கடைக்காரர் முகமே மாறும். உள்ளே இருக்கும் மூட்டை வெளியே வரும்.

அடுத்து மீன். ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலை கரை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுடையவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் விலை ஏறும். வெளியூர் ஐஸ் மீனும் வரும். கோடை விடுமுறையில் வரும் விருந்தினரை மீன் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போய், “கடற்கரை ஊரில் இவ்வளவுதானா?” என்று கேட்க வைத்த அனுபவம் எனக்கு உண்டு. தப்பு கடைக்காரர் மேல் இல்லை. நாட்காட்டி பார்க்காதது நான். இப்போது உணவகத்தில் உட்கார்ந்ததும் அட்டையைப் பார்ப்பதில்லை. “தம்பி, இன்றைக்குக் கரையிலிருந்து என்ன வந்தது?” என்று கேட்கிறேன். விளமீனோ, பாறையோ, வெறும் நெத்திலியோ, அவர் சொல்வதைச் சாப்பிடுகிறேன். “இன்றைக்கு மீன் சரியில்லை சார், முட்டைக் குழம்பு சாப்பிடுங்கள்” என்று ஒரு நாள் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து அவர் கடைக்குத்தான் விருந்தினரை அழைத்துப் போகிறேன்.

இனிப்பு என்றால் கீழக்கரை தொதல். இங்கிருந்து அரை மணி நேரப் பயணம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து, அடுப்படியில் நின்று மணிக்கணக்காகக் கிண்டுவது. இலங்கையிலும் மலேசியாவிலும் இதே பெயர்ச் சாயலில் இதே பண்டம் உண்டு. கடல் வாணிபம் செய்த ஊர் என்பதற்கு வாயில் போட்டுப் பார்க்கும் சாட்சி. எத்தனை நாள் தாங்கும் என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள். சென்னைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அன்று கிண்டியதையே எடுத்துத் தருவார்கள்.

ராமேசுவரத்தில் கோயிலைச் சுற்றிச் சங்கு, சோழி, பனையோலைப் பெட்டி விற்கும் கடைகள் இருக்கின்றன. பனையோலைப் பொருட்களைத் தாராளமாக வாங்குங்கள். பவளப்பாறைத் துண்டு யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பவளப்பாறைகளும் சில வகைச் சங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பாறை அழிந்தால் மீன் குறையும். மீன் குறைந்தால் நம் தட்டிலும் குறையும்.

உள்ளூர்க் கடை என்றால் எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஒரு உணவகத்தில் வெள்ளைத் தாளில் கூட்டிப் போட்டு, கீழே ‘ஜிஎஸ்டி’ என்று ஒரு தொகை எழுதிக் கொடுத்தார்கள். வரி வாங்கினால் 15 இலக்கப் பதிவு எண்ணோடு ரசீது வேண்டும். தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. மெதுவாகக் கேட்டேன், தொகையை எடுத்துவிட்டார்கள். அதேபோல உணவகத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மாட்டியிருக்கிறதா, தராசில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டும் சரியாகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் முதலில் முதலாளியிடம் நேரில் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து ஒற்றை நட்சத்திரம் போடுவதைவிட, “சாம்பார் இன்று புளித்துவிட்டது” என்று அங்கேயே சொன்னால் அடுத்த பந்திக்காவது பயன்படும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். செயலியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. முடியாதவர்களுக்கும் மழை நாளுக்கும் அது வேண்டும். மாதச் சாமானில் அரிசி, எண்ணெய், பருப்பு என்று ஏதாவது ஒரு பெரிய பொருளை மட்டும் நடந்துபோகும் தூரத்துக் கடையில் வாங்குவோம். மஞ்சப்பை எடுத்துப் போவோம். குழம்பு வாங்கத் தூக்குவாளி கொண்டுபோவோம். பிள்ளைகளையும் கூட்டிப் போவோம். விலை கேட்கவும் மீதி எண்ணவும் அவர்கள் வேறு எங்கே கற்பார்கள்?

நம் வாசல் கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. யாராவது ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஷட்டரைத் தூக்கலாம். அன்று கறிவேப்பிலைக்கு மட்டும் போய் நிற்க மாட்டேன் என்று உங்கள் முன்னால் சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் வாருங்கள்.