வீட்டு முட்டையும் வாடிக்கையும்

(கிராமக் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



நம் கிராமத்தில் பல வீடுகளின் புறக்கடையில் கோழி மேய்கிறது. முட்டை விற்ற காசு கணக்கில் ஏறும் வீடுகளோ சிலவே. இதற்குக் கோழியைக் குறை கூறி யாது பயன்?

நாட்டுக்கோழி வருஷத்துக்குச் சுமார் 60 முட்டைகளே இடும். அவற்றில் ஒன்று அழுகியிருந்தாலும், வாங்கியவர் மறுமுறை நம் வாசலை மிதியார். ஆகவே வாடிக்கைக்காரரின் நம்பிக்கையே நம் முதல்.

அதைக் காக்கும் உபாயங்கள் சில. அடைவைக்க முட்டை வேண்டாத காலத்தில் சேவலைப் பிரித்து வையுங்கள். சேவலின்றியும் பெட்டை முட்டையிடும். அம்முட்டையில் கரு வளராதாகையால் கோடையிலும் சீக்கிரம் கெடாது. காலையும் மாலையும் முட்டைகளைச் சேகரித்து, கூர்முனை கீழாக, நிழலில் வையுங்கள். விற்கும் முட்டையைக் கழுவலாகாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு நீங்கினால் கிருமிகள் உட்புகும். நாட்பட்டதோ என்று ஐயமுற்றதை மட்டும் நீரில் இட்டுப் பாருங்கள். படுத்துக் கிடப்பது புதியது. அதை அன்றே வீட்டில் சமையுங்கள். மிதப்பதை எறிந்துவிடுங்கள்.

வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் வியாதி சில நாட்களில் கூண்டையே காலி செய்யும். வந்தபின் மருந்தில்லை, முன்னதாகவே கால்நடை மருந்தகத்தில் தடுப்பு மருந்து பெறுவதே வழி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கோழியைப் பேணுவோர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிகளே. முட்டைக் காசை உங்கள் கடன் தவணைக்கு எடுக்காமல், அவர்கள் பெயரிலேயே சங்கத்தில் சேமிப்பாகச் செலுத்துங்கள். பாடுபட்டவர் கையில் பலன் சேர்ந்தால் புறக்கடைக் கோழியும் பெருகும்.