மதுரை அ. வைத்தியநாத ஐயர்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இந்திய சுதந்திரப் போராட்டத் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். காந்தியடிகளையோ நேருவையோ எடுத்துக்கொள்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது மதுரை வக்கீல் ஒருவரை. கோயில் சாவியைக் கையில் வைத்திருப்பவர்கள் கூடியிருக்கும் இச்சபையில் அவரைப் பற்றிப் பேசுவதுதான் பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

அ. வைத்தியநாத ஐயர் 1890-ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்து விஷ்ணம்பேட்டையில் பிறந்தவர். படித்தது மதுரையில். கணக்கில் கெட்டிக்காரர். சில காலம் ஆசிரியராக இருந்து, பிறகு வக்கீலாகி, நன்றாகச் சம்பாதித்தார். சம்பாதித்ததையெல்லாம் காங்கிரசுக்காகத் தொலைத்தார். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ராஜாஜி கைதான பிறகு, தடையை மீறிப் பேசியதற்காகப் போலீசாரிடம் அடிபட்டுச் சிறை சென்றார். அவருடைய துணைவியார் அகிலாண்டத்தம்மாளும் சிறை கண்டவரே. 1946-இல் மேலூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்றார். இவற்றையெல்லாம் விரித்துச் சொல்ல நேரமில்லை. நான் சொல்ல வந்தது 1939-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் தேதியைப் பற்றி.

அதற்கு முன்னால் கமுதியைச் சொல்லவேண்டும். 1897-இல் நாடார்கள் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. வழக்கம் எதுவோ அதுவே சட்டம் என்று ஆயிற்று. ஆகவே, கோயில் கதவைத் திறந்துவிட நினைக்கும் அதிகாரி தம்மையே வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டிய நிலை. 1936-இல் திருவிதாங்கூரில் கதவு திறந்தது, மகாராஜாவின் பிரகடனத்தால். மதுரையில் மகாராஜா யார் இருக்கிறார்?

ஹரிஜன சேவக சங்கத்தின் தமிழ்நாட்டுத் தலைவராக இருந்த ஐயர் வீதி வீதியாகக் கூட்டம் போட்டு, மக்கள் மனத்தைப் பக்குவப்படுத்தினார். அன்று காலை அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்தபோது உடன் வந்தவர்கள் கக்கன், சுவாமி முருகானந்தம், முத்து, சின்னையா, பூவலிங்கம் ஆகிய ஐந்து தாழ்த்தப்பட்ட வகுப்பினரும், விருதுநகர் சண்முக நாடாரும். கோபாலசாமி என்ற தொண்டரும் உடனிருந்தார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை உள்ளே வரவேற்றார். அம்மனைத் தரிசித்துத் திரும்பினார்கள். நடந்தது அவ்வளவே.

என் வரையில், அன்றைய தினத்தில் ஐயருக்குச் சமமாக வணங்கத்தக்கவர் அந்த நாயுடுதான். ஐயர் தலைவர், அவருக்குப் பின்னால் கட்சி இருந்தது. நாயுடு நம்மைப்போல் கணக்கும் சாவியும் பார்க்கும் மனிதர். பட்டர்களில் பலர் பூசைக்கு வர மறுத்தார்கள். சுத்தி செய்தால்தான் வருவோம் என்றார்கள். மனிதர் வந்து கும்பிட்டதற்குச் சுத்தி எதற்கு என்று நாயுடு இணங்கவில்லை. பூசை நிற்காமலும் பார்த்துக்கொண்டார். எதிர்ப்பாளர்கள் வேறோரிடத்தில் தனியாக மீனாட்சியை வைத்துப் பூசித்தார்கள். பட்டர்கள் திரும்பி வர 1945 ஆயிற்று. அவர்களை எளிதில் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகமம் கெட்டுவிடுமே என்று மெய்யாகவே அஞ்சியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் அந்த அச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கோபுரத்தை மட்டும் கும்பிட்டுப் போனவர்கள் அல்லவா?

ராஜாஜி அரசாங்கம் அதே 1939-இல் சட்டம் கொண்டுவந்து, கதவு திறந்தவர்களை வழக்குகளிலிருந்து காத்தது. தஞ்சைப் பெரிய கோயிலும் திறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு இடமில்லாத மீனாட்சி கோயிலுக்குள் செல்லாதிருந்த காந்தியடிகள் 1946-இல் வந்து தரிசித்தார். ஐயரையோ சொந்தச் சமூகத்தாரே விலக்கி வைத்தார்கள்.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் தந்தையார். மேலூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறித் தோட்டத்துக்கு வந்தவர். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு அவர் சந்தா கொடுப்பார். பந்தலுக்குக் கம்பு வெட்டுவார். ஆனால் பிரசாதத்தை வேலிக்கு வெளியே நின்றுதான் வாங்கிக்கொள்வார். சிறுவனான நான் அதை வழக்கம் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் ஏனப்பா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், மதுரைக் கோயிலுக்குள் கக்கன் போன கதையைச் சொன்னார். இன்று நம் சந்நிதியில் பரிவட்டம் கட்டும்போதெல்லாம் எனக்கு அந்த வேலி நினைவுக்கு வரும்.

அந்தக் கக்கன் மேலூரை அடுத்த தும்பைப்பட்டிக்காரர்; ஐயர் பிள்ளைபோல் ஆதரித்து வளர்த்த தொண்டர். 1957 முதல் 1967 வரை சென்னை அமைச்சரவையில் இருந்தும் சொத்துச் சேர்க்காத மனிதர். 1955 பிப்ரவரி 23-இல் ஐயர் காலமானபோது அவர் பாராளுமன்ற உறுப்பினர். மதுரைக்கு வந்து, தலைமுடியை இறக்கி, ஐயரின் பிள்ளைகளோடு பிள்ளையாகக் காரியத்தில் நின்றார். உறவினர் சிலர் முணுமுணுத்தார்கள். பிள்ளைகள் அவரை விலகச் சொல்லவில்லை.