கண்டாச்சிபுரத்தில் நான் போட்ட மதிப்பெண்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும்ப்பா, தொழில் சம்பந்தமா ஏதாவது சொல்லு" என்றார். தொழிலில் நான் சாதித்தது எதுவும் பத்து நிமிடத்துக்கு வராது. ஆனால் தவறு செய்தது ஒன்று வரும். அதையே சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். இங்கே சிவில் படித்தவர்கள் பாதிப் பேருக்கு மேல் இருப்பதால் என் தவறு உங்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். அதுதான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

2025 ஆகஸ்டில் கண்டாச்சிபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மாதிரி அமைக்கும் போட்டி நடந்தது. அணை, பாலம், கோட்டை, ராக்கெட் என்று எதை வேண்டுமானாலும் அளவு குறைத்துச் செய்து கொண்டுவரலாம். நடுவராக வரச் சொன்னார்கள். விழுப்புரத்திலிருந்து வேட்டவலம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஏறினேன். அந்தச் சாலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள், நடுநடுவே ஏரிகள். நம் மாவட்டத்தில் ஆறு என்று பெருமையாகச் சொல்லத் தென்பெண்ணை இருந்தாலும், பல ஊர்களுக்குச் சோறு போடுவது ஏரிதான்.

மொத்தம் 23 மாதிரிகள். அதில் நான்கு சந்திரயான். ஆச்சரியமில்லை, சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர். 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் நிலவில் இறங்கியதிலிருந்து இந்த மாவட்டத்தில் தெர்மோகோல் விற்பனை ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். நான்கிலும் ஒரே கோளாறு. ராக்கெட்டும் லேண்டரும் ஏறக்குறைய ஒரே உயரம். உண்மையில் ராக்கெட் 43.5 மீட்டர், லேண்டர் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். ராக்கெட்டை 1:50 அளவில் செய்தால் அது 87 செ.மீ. நிற்கும், லேண்டர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் குட்டையாக 4 செ.மீ. இருக்கும். ஒரு பையனிடம் இதைச் சொன்னேன். "அவ்ளோ சின்னதா செஞ்சா யார் சார் பாப்பாங்க?" என்றான். பதில் இல்லை.

ஐஸ் குச்சிப் பாலம் ஒன்று. மேலே நான்கு செங்கல் வைத்துக் காட்டி, "நிஜப் பாலமும் இதே மாதிரி தாங்கும் சார்" என்றான் அந்த மாணவன். தாங்காது என்பது நமக்குத் தெரியும். நீள அகல உயரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் பாலத்தின் சொந்த எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது, தாங்கும் குறுக்குவெட்டோ நூறில் ஒன்றுதான் ஆகிறது. சின்னது எப்போதும் தன் எடைக்கு மேல் பலசாலி. எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியைத் தூக்கிக்கொண்டு போவதும் இந்தக் கணக்கால்தான். கலிலியோ 1638-லேயே எழுதி வைத்த விஷயம். பையனுக்கு எறும்பைச் சொல்லிப் புரியவைத்தேன், சந்தோஷப்பட்டான். எனக்கும் அப்போது நல்ல நடுவர் என்ற நினைப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

நடுவர்கள் மூன்று பேர். ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், கோயில் வாகனமும் தேர்ச் சிற்பமும் செய்யும் தச்சர் ஒருவர், நான். ஒவ்வொருவர் கையிலும் அச்சடித்த தாள். தோற்றம், அளவு, செயல்பாடு, விளக்கம், சொந்த முயற்சி, தலைக்குப் பத்து. ஆகக்கூடி ஒரு மாதிரிக்கு 150.

செஞ்சிக் கோட்டையை இரண்டு பையன்கள் செய்திருந்தார்கள். கண்ணைப் பறித்தது. ராஜகிரி, கல்யாண மகால், குளம், எல்லாவற்றுக்கும் வண்ணம், விளக்கு. பலகையில் கொட்டை எழுத்தில் "அளவு 1:500". மலை சுமார் 240 மீட்டர், ஆகவே 48 செ.மீ. வரவேண்டும், டேப்பை வைத்தேன், 50 இருந்தது. பரவாயில்லை என்று அளவுக்கு எட்டு போட்டேன். பக்கத்திலேயே நின்ற கல்யாண மகால் மலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தக் கணக்குப்படி மகால் 80 மீட்டர் உயரம்! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையே தாண்டிவிடும்.

அடுத்து பாம்பன் புதுப் பாலம். 2025 ஏப்ரலில் திறந்ததாயிற்றே, அதனால் சூடு ஆறவில்லை. ஊசிக்குழாயில் தண்ணீர் நிரப்பி, சின்ன மோட்டார் வைத்து, நடுப்பகுதி செங்குத்தாக மேலே போய் வந்தது. நிஜத்தில் பாலம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, தூக்கும் பகுதி 72.5 மீட்டர். இரண்டு மீட்டர் நீளப் பலகையில் அது ஏழு செ.மீ. இருக்க வேண்டும், அவன் 40 செ.மீ. வைத்திருந்தான். கேட்டதற்கு, "ஏழு சென்டிமீட்டர்ல மோட்டார் எங்க சார் வெக்கிறது?" என்றான். சிரித்துக்கொண்டே ஏழு மதிப்பெண் போட்டேன்.

கடைசி வரிசையில், ஜன்னலோரம், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஒரு பழைய கதவு. அதன்மேல் களிமண்ணால் கட்டிய ஏரி. வண்ணம் கிடையாது, விளக்கு கிடையாது. கரை, மதகு, கலங்கல், கீழே கழனி, தீப்பெட்டி வீடுகள். அவ்வளவுதான். கரையில் ஓரிடத்தில் விரலால் அழுத்தியது போல் ஒரு பள்ளம்.

"இது என்னம்மா அளவு?"

"நீளத்துக்கு 1:500, உயரத்துக்கு 1:50 சார்."

"ரெண்டு அளவு வெச்சா அது எப்படிம்மா மாதிரி ஆகும்? எல்லாம் ஒரே அளவுல இருக்கணும் இல்ல?"

"ஒரே அளவு வெச்சா கரை ஆறு மில்லிமீட்டர்தான் சார் வரும். பள்ளமே தெரியாது."

அப்போது டீ வந்தது. தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். அளவு என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். தச்சர் அங்கேயே நின்று, அந்தப் பெண்ணைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தாளை எட்டிப் பார்த்து, "ஏன் சார் மூணு?" என்றார். சொன்னேன். "தேர் உச்சியில வெக்கிற பொம்மைக்கு நாங்க தலைய கொஞ்சம் பெரிசாத்தான் செதுக்குவோம் சார். கீழ நின்னு பாக்கறவனுக்கு அப்பதான் சரியாத் தெரியும். எதுக்காக செய்யறோமோ அதுக்குத்தானே அளவு?" என்றார். அவர் ஒன்பது போட்டிருந்தார். நான் பொறியாளன் அல்லவா, திருத்தவில்லை.

முடிவு: செஞ்சிக் கோட்டை 128, பாம்பன் 126, ஏரி 124. முதல் பரிசு மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். கைதட்டல், பொன்னாடை, எலுமிச்சை சாதம், பஸ்.

பஸ் விழுப்புரம் எல்லைக்குள் நுழையும்போது பூண்டி ஞாபகம் வந்தது. மூன்றாம் வருடம் நம் பேராசிரியர் (அதோ, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், இந்தக் கதையைக் கேட்டுக் கோபப்படாமல் இருக்க வேண்டும்) எங்களைத் திருவள்ளூர் பக்கம் பூண்டிக்கு அழைத்துப் போனார். அங்கே 1944 முதல் நடக்கும் நீரியல் ஆய்வு நிலையம். அணைக்கும் ஆற்றுக்கும் மாதிரி செய்து தண்ணீர் விட்டுப் பார்க்கும் இடம். ஆற்று மாதிரியில் உயரத்துக்கு வேறு அளவு, நீளத்துக்கு வேறு அளவு. ஆறு கிலோமீட்டர் கணக்கில் நீளம், ஆழமோ சில மீட்டர். ஒரே அளவில் குறைத்தால் தண்ணீர் காகிதத் தடிமனில் ஓடும், ஆறு போலவே நடந்துகொள்ளாது. அதனால் வேண்டுமென்றே உயரத்தைக் கூட்டிச் செய்வார்கள். உலகம் முழுக்க நீரியல் கூடங்களில் இதுதான் வழக்கம். அளவு பிறழ்ந்த மாதிரி என்று நாம் படித்தோமே, 16 மார்க் கேள்வி! நான் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பரீட்சைத் தாளில் எனக்குத் தெரிந்திருந்த விஷயம், பழைய கதவின்மேல் களிமண்ணாக வந்தபோது தெரியவில்லை.

அளவு பிறழ்ந்ததை மறைத்த கோட்டைக்கு எட்டு. வசதிக்காகப் பிறழ்ந்த பாலத்துக்கு ஏழு. காரணத்தோடு பிறழ்ந்து, அதை வாய்விட்டும் சொன்ன ஏரிக்கு மூன்று. எட்டு போட்டிருந்தால் அவளுக்கு 129. முதல் பரிசு. கோட்டை செய்த பையன்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் ராத்திரி பகலாக ஒட்டியிருப்பார்கள். குறை டேப் பிடித்தவனிடம்.

மறுநாள் தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டு ஒப்புக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அறிவிச்சதை மாத்த முடியாது சார். கோட்டைப் பசங்க கிட்ட என்னன்னு சொல்றது? வேணும்னா நீங்களே வந்து அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்றார். நியாயம்தான். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆசிரியை ஒருவரும், பெண்ணின் அப்பாவும் உடன் இருந்தார்கள். அப்பா கொத்தனார்.

"உனக்கு நான் தப்பா மார்க் போட்டுட்டேன்மா. நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"பரவால்ல சார்" என்றாள். உடனே, "கரையைப் பாக்க வரீங்களா?" என்றாள்.

கரைக்குப் போகும் வழியில்தான் எல்லாம் கேட்டேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியவை. 800 மீட்டர் கரையை எப்படி அளந்தாள்? அப்பாவின் சைக்கிள் சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டி, உருட்டிக்கொண்டே போய், துணி எத்தனை முறை கீழே வருகிறது என்று எண்ணியிருக்கிறாள். ஒரு சுற்று 2.2 மீட்டர், மொத்தம் 364 சுற்று. உயரத்துக்கு அப்பாவின் டியூப் லெவல். தளம் போடும்போது கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்களே, அந்தக் குழாய்தான். தம்பி ஒரு முனை, இவள் ஒரு முனை. ஜூன் மாத விடுமுறை நாட்கள் இதில் போயிருக்கின்றன.

ஏன் இந்த ஏரி? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. சாத்தனூரிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்து தென்பெண்ணை கரைபுரண்டது. பத்திரிகையில் ஆறு வந்தது, சின்ன ஏரிகள் வரவில்லை. இவர்கள் ஏரி நிரம்பி, கோடி போய், பிறகு கலங்கல் வழியாக மட்டும் போகாமல் கரைமேலும் வழிந்திருக்கிறது. தீப்பெட்டி வீடுகளில் ஒன்றைக் காட்டி அன்றைக்கு அவள் தச்சரிடம், "இது எங்க வீடு" என்றாளாம். இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். புத்தகம் எல்லாம் போயிற்று. ஊரில் எல்லோரும் "மழை ஜாஸ்தி, அதான்" என்றார்கள். இவளுக்கு மட்டும் தண்ணீர் ஏன் அந்த ஒரே இடத்தில் வழிந்தது என்று சந்தேகம்.

அவள் கண்டுபிடித்தது இது. கலங்கல் மட்டத்துக்கும் கரையின் தலைக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருக்கிறது. ஆனால் மாடும் டிராக்டரும் ஏறி இறங்கும் ஓரிடத்தில் கரை 40 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. அங்கே மிச்சம் 60 தான். தண்ணீர் கூடுதலாகத் தேங்கட்டும் என்று கலங்கல்மேல் ஊரார் இரண்டு அடுக்கு மண் மூட்டை போடுவது வழக்கம். அதில் 30 போயிற்று. மீதி 30 செ.மீ. அந்த மழைக்கு அது எந்த மூலைக்கு? மண் கரைமேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் அரித்துக்கொண்டு போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழுக்க உடையாமல் போனது அதிர்ஷ்டம். மாதிரியில் அந்தப் பள்ளம் 8 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரிகிறது. நான் சொன்ன ஒரே அளவில் செய்திருந்தால் முக்கால் மில்லிமீட்டர் சொச்சம். களிமண் காயும்போது விடும் விரிசலே அதைவிடப் பெரிதாக இருக்கும். கலங்கலில் அழிரப்பரை மூட்டை போல் வைத்து, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் நேராகத் தீப்பெட்டி வீடுகளுக்குப் போகிறது. ரப்பரை எடுத்தால் கலங்கல் வழியாகப் போகிறது.

நான் ஆட்டோ லெவல் கொண்டுபோயிருந்தேன். பள்ளத்தில் ஸ்டாஃபை அவள்தான் பிடித்தாள். 43 செ.மீ. காட்டியது. "நீ 40 சொன்னியேம்மா?" என்றேன். "அது ஜூன் மாசம் சார். அதுக்கப்புறம் நெறைய வண்டி ஏறிச்சி" என்றாள்.

கரை நெடுக 20 மீட்டருக்கு ஒரு மட்டம் எடுத்து, ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். அதில் அளந்தவர் என்ற இடத்தில் அவள் பெயரையும் போட்டேன். ஊரார் கையெழுத்துப் போட்டு மனுவாகக் கொடுத்திருக்கிறார்கள். கடைசியாக நான் போனபோது பள்ளம் அப்படியேதான் இருந்தது. மூட்டை மட்டும் இந்த முறை யாரும் போடவில்லை. அப்பா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். சிலர் திட்டியும் இருக்கிறார்கள், தண்ணீர் குறைந்தால் இரண்டாம் போகம் போய்விடும் என்று. அவர்கள் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. அதற்கு வழி கரையை உயர்த்துவதே தவிர மூட்டை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மண் அடிக்க ஆகும் செலவை யார் போடுவது என்பதில் பேச்சு நிற்கிறது.

மதிப்பெண் தாளைத் தலைமை ஆசிரியையும் தச்சரும் நானும் உட்கார்ந்து மாற்றினோம். அளவு என்ற கட்டத்துக்குப் பதில், "என்ன அளவு, ஏன் அந்த அளவு, எதை வைத்து அளந்தாய்" என்று மூன்று கேள்வி. மாணவர் வாயால் சொல்ல வேண்டும். நடுவர் ஒவ்வொரு மாதிரிக்கும் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். டீ எல்லாம் முடிந்த பிறகுதான்.

பத்து நிமிடம் என்றால் 23 மாதிரிக்கு நான்கு மணி நேரம் ஆகிறது, மூன்று பேர் போதாது. சிவிலில் இரண்டு பேர், மெக்கானிக்கலில் ஒருவர் வந்தால் நன்றாக இருக்கும் என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமைதான். பஸ் வசதி உண்டு, சாப்பாடு அவர்கள் போடுகிறார்கள், எலுமிச்சை சாதம் நன்றாகவே இருந்தது. வரக்கூடியவர்கள் மதிய உணவுக்குப் போகும் முன் செயலாளர் அண்ணனிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். டேப் அவரவர் கொண்டு வரவும்.